கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு சிரிப்பான், அந்தப் பக்கம் ஒரு சிரிப்பான்

டிசம்பர் பிறந்தால் தெரிந்தவர்களிடமிருந்து ஒரே கேள்வி வருகிறது: "ஊட்டிப் பக்கம் போகலாமா, கொடைக்கானல் போகலாமா, எங்கே போனால் பறவை நிறையப் பார்க்கலாம்?" நிறையப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டுமே வேண்டாம், வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ போங்கள் என்பேன். அங்கே மரத்துக்கு மரம் கூடும் குஞ்சுமாக இருக்கும். மலைச் சோலை அப்படிப்பட்ட இடம் இல்லை. காலை முழுக்க நடந்து இருபது வகை கண்ணில் பட்டால் அது நல்ல நாள். ஆனால் அந்த இருபதில் ஐந்தாறு வகை, மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஊட்டி, தெற்கே பழனி மலையில் கொடைக்கானல். அதிலும் சில, கணவாய்க்கு இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் இல்லை. அதனால்தான் ஊட்டியா கொடையா என்று கேட்டால், "இரண்டும். ஆனால் தனித்தனிப் பயணமாகப் போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் மூன்று நாளாவது இருங்கள்" என்று சொல்கிறேன். ஏன் ஒரே இடம், ஏன் மூன்று நாள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மழைக்காடு என்றதும் பலர் மனத்தில் வருவது அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற மரங்கள்தான். கூடலூர் சரிவிலும் மேற்குப் பக்கத்துப் பள்ளங்களிலும் அப்படிப்பட்ட காடு உண்டு. மேலே, ஆறாயிரம் அடியைத் தாண்டிய உயரத்தில் இருப்பது சோலை. அங்கே மரங்கள் குள்ளம். காற்றில் வளைந்து முறுக்கிக்கொண்டு நிற்கும். கிளையெல்லாம் பாசி. நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம், ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு என்று நெருக்கமாக நிற்கும் அந்த மரங்களுக்குக் கீழே இடுப்பளவு புதர். அதற்கும் கீழே கால் வைத்தால் அமுங்கும் இலைமக்கு. மலையின் மடிப்புகளில், தண்ணீர் ஓடும் இடத்தில் மட்டும் இப்படிச் சோலை. மேட்டில் எல்லாம் புல்வெளி. இதுதான் இந்த மலைகளின் பழைய அமைப்பு.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் உள்ள லாங்வுட் சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 116 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 287 ஏக்கர். ஒரு நடுத்தரத் தேயிலை எஸ்டேட் அளவு. 2024-இல் அதை உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தபோது வந்த அரசுக் குறிப்பில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை வகைகளில் 14 இங்கே இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கீழே உள்ள 18 கிராமங்களுக்கு இந்தச் சோலைதான் தண்ணீர் தருகிறது என்பதும் அதில் இருந்தது. 287 ஏக்கருக்குள் பதினான்கு வகை. இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை அரிய பறவைகள் இருப்பது எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பு. கூடவே பயமும் வரும். அந்த 287 ஏக்கருக்கு வெளியே தேயிலையும் ஊரும்தான். அங்கிருந்து அவை எங்கே போகும்?

முதல்முறை நான் நீலகிரிச் சிரிப்பானைப் பார்த்தது அந்தச் சோலைக்கு வெளியே, சாலையோரத் தவிட்டுப்பழச் செடியில். முதலில் காதில்தான் விழுந்தது. உச்சக் குரலில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும் சிரிப்பு. ஒன்று சிரித்தால் இன்னொன்று சேர்ந்துகொள்ளும். புதரை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த பறவை மைனாவைவிடச் சற்றே சிறிது. அடிப்பக்கம் முழுக்கச் செங்கல் நிறம், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், தாடையில் கருப்பு. ஒரு பழத்தைக் கொத்தி, தலையைச் சாய்த்து, என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது.

இதே குடும்பத்துப் பறவையைக் கொடைக்கானலில் பாருங்கள். சிரிப்பு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் தாடையில் கருப்பு இல்லை, மார்பு சாம்பல் நிறம், செங்கல் நிறம் வயிற்றோடு நின்றுவிடும். இது பழனிச் சிரிப்பான். நீலகிரி வகையை அறிவியலுக்கு 1839-இல் எழுதிவைத்தவர் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன். பழனி மலையில் பறவை சேகரித்தவர் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார். அவர் சேகரித்ததை வைத்து பிளான்ஃபோர்டு 1869-இல் எழுதி, ஃபேர்பேங்கின் பெயரையே பறவைக்கு வைத்தார். அப்புறம் நெடுங்காலம் இவற்றை என்ன செய்வது என்று ஆய்வாளர்கள் அடிக்கடி மனம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒரே இனம் என்பார்கள், இரண்டு என்பார்கள், இமயமலைச் சிரிப்பான்களோடு சேர்ப்பார்கள்.

சோலைக்கிளியின் கதையும் இதேதான். பெயரில் கிளி இருந்தாலும் அது கிளி இல்லை. சிட்டுக்குருவி அளவில், நீண்ட கால்களோடு, தரையில் இலையைப் புரட்டித் திரியும் கருநீலப் பறவை. நீலகிரியில் உள்ளதற்கு வயிறும் விலாவும் செம்பழுப்பு. பழனியில் உள்ளதற்கு வயிறு வெள்ளை. இறக்கை சின்னதாக, முனை வட்டமாக இருக்கும். அதனால் குட்டை இறக்கைக்காரர்கள் என்று ஆசியாவின் வேறு மலைப் பறவைகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள்.

2017-இல் வி. வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் மரபணுவைப் பார்த்துச் சொன்ன முடிவு இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. இந்தச் சோலைக்கிளிகள் ஈப்பிடிப்பான்களின் உறவு. குட்டை இறக்கைப் பறவைகளின் உறவு இல்லை. வேறெங்கும் இல்லாத தனிப் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் சோலிகோலா. நம் 'சோலை'யோடு, வசிப்பவர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லைச் சேர்த்தது. சிரிப்பான்களுக்கும் மான்டிசிங்க்லா என்று தனிப் பேரினம். உலகம் முழுக்கப் பறவை ஆய்வாளர்கள் உச்சரிக்கும் அறிவியல் பெயருக்குள் 'சோலை' இருக்கிறது என்பதில் எனக்கு ஒளிவுமறைவில்லாத பெருமை.

சரி, ஏன் இப்படிப் பிரிந்தன? கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போயிருப்பீர்கள். ஒரு குகை கிடையாது, ஒரு ஏற்றம் கிடையாது. இவ்வளவு பெரிய மலைத்தொடரில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. காற்றுக்கும் ரயிலுக்கும் அது வழி. சோலைப் பறவைக்கு அதுவே கடல். குளிரிலும் ஈரத்திலும், புதருக்கு அடியில், அரையிருட்டில் வாழ்ந்து பழகிய உயிர் அது. வட்ட முனைச் சிற்றிறக்கை கிளைக்குக் கிளை தாவப் போதும். வெயில் காயும் சமவெளியை நாற்பது கிலோமீட்டர் பறந்து கடக்கப் போதாது. வடக்கே ஒரு கூட்டம், தெற்கே ஒரு கூட்டம் என்று பல லட்சம் ஆண்டுகள் பார்த்துக்கொள்ளாமலே வாழ்ந்து, வேறு வேறு பறவைகளாகிவிட்டன. இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் அகத்தியமலைப் பக்கத்தில் மறுபடி வேறு சிரிப்பான், வேறு சோலைக்கிளி. இந்த மலையுச்சிகளை வானத்தீவுகள் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான்.

எல்லாப் பறவையும் இப்படிப் பிரியவில்லை. தலையும் இறக்கையும் கருப்பாக, உடம்பெல்லாம் ஆரஞ்சாக இருக்கும் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் இரண்டு பக்கமும் உண்டு. கருநீல நிற நீலகிரி ஈப்பிடிப்பானும் அப்படியே. நீலகிரிக் காட்டுப்புறாவும் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆழமான குரலில் அது கூவும்போது மந்தி கத்துகிறது என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. பெயரில் நீலகிரி இருக்கிறதே என்று கொடைக்கானலில் இவற்றைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

இப்போது மூன்று நாள் கணக்குக்கு வருகிறேன். சோலைப் பறவை ஊர் சுற்றுவதில்லை. கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் ஆண்டு முழுக்க ஒரு சின்னப் பரப்பில், அதே புதர், அதே ஓடை என்று இருக்கும். அதைப் பார்க்க நீங்கள் ஐந்து சோலைக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு சோலையில் அதன் வீடு எது என்று தெரிந்துகொண்டால் போதும். அதைத் தெரிந்துகொள்ள முதல் நாள் போய்விடும்.

மரத்தின் மேல்பகுதியில் நடப்பது வேறு மாதிரி. அரைமணி நேரம் காடு செத்துக் கிடக்கும். திடீரென்று ஒரு மரத்தில் வெள்ளைக்கண்ணிகள், அடிமரத்தில் தலைகீழாக ஏறி இறங்கும் பசையெடுப்பான், சாம்பல் தலை ஈப்பிடிப்பான், சிலம்பன்கள், மஞ்சள் நிறப் பட்டாணிக்குருவி எல்லாம் ஒன்றாக வந்து, இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். பல இனம் சேர்ந்த வேட்டைக் கூட்டம் இது. ஒன்று கிளையை அசைத்தால் கிளம்பும் பூச்சி மற்றதற்கு இரை. வல்லூறு வந்தால் பார்ப்பதற்குப் பத்து மடங்கு கண்கள். இந்தக் கூட்டமும் தன் எல்லைக்குள்தான் சுற்றும், அதனால் இன்று வந்த வழியில் நாளையும் வர வாய்ப்பு அதிகம். சோலை ஓரத்தில் ஒரு நல்ல திருப்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் காடே நம்மைக் கடந்து போகும். ஒரே நாளில் தொட்டபெட்டா, குன்னூர், கோத்தகிரி என்று காரில் சுற்றுகிறவர்களுக்குக் கிடைப்பது அந்த அரைமணி நேர மௌனம் மட்டும்தான்.

வெளிநாட்டு மழைக்காட்டு விடுதிகளின் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் எதிர்பார்ப்பு வேறு. ஈக்வடாரிலும் கோஸ்டாரிகாவிலும் வராந்தாவில் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியைத் தொங்கவிட்டால் ஓசனிச்சிட்டுகள் (ஹம்மிங்பேர்டுகள்) மொய்க்கும். நம் நாட்டில் ஓசனிச்சிட்டே கிடையாது. இங்குள்ள தேன்சிட்டுகளுக்கும் குப்பி பழக்கமில்லை. அதனால் சில விடுதிகளில் வேறு குறுக்குவழி வந்திருக்கிறது. அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீலகிரியில் ஒரு ரிசார்ட்டில் தங்கியிருந்தபோது, எங்களை அழைத்துப் போன இளைஞர் சோலைக்கிளியைக் காட்டித்தருகிறேன் என்று கைப்பேசியில் அதன் பாட்டைப் போட்டார். பையில் சின்ன ஸ்பீக்கர் வேறு வைத்திருந்தார். இரண்டு நிமிடத்தில் ஆண் பறவை வெளியே வந்துவிட்டது. வாலை விரித்து, உடம்பைப் பருக்கவைத்துக்கொண்டு, ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றி வந்தது. தன் இடத்துக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று அது நம்பியது. ஆறு பேரும் படம் எடுத்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. நான் எடுத்த படமும் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டியதில்லை. கூடு வைக்கும் மாதத்தில், ஒரு நாளைக்கு இரண்டு குழுவுக்கு இதைச் செய்தால் அந்தப் பறவை எப்போது இரை தேடும், எப்போது குஞ்சைக் கவனிக்கும்? சமவெளிப் பறவையாக இருந்தால் வேறு இடம் போகலாம். இதற்கு அந்தச் சோலைதான் உலகம். அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காட்டினால்தான் விருந்தினர் திருப்தியோடு போவார்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். "பாட்டு போட வேண்டாம், கிடைத்ததைப் பார்க்கிறோம்" என்று முதலிலேயே சொல்ல வேண்டியது நாம்தான்.

அறை எடுக்கும்போது என்ன கேட்பது? கட்டில், வெந்நீர் எல்லாம் எல்லோரும் கேட்பார்கள். நான் கேட்பது, அறைக்குப் பின்னால் நிற்கும் மரம் என்ன மரம் என்று. கற்பூர மரமும் சீகை மரமும் என்றால் யோசிப்பேன். யூகலிப்டஸைத்தான் மலையில் கற்பூர மரம் என்கிறோம். சீகை என்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில். இரண்டும் வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்கு என்று நுழைந்தவை. சுதந்திரத்துக்குப் பிறகு ஆலைகளின் தேவைக்காகப் புல்வெளி புல்வெளியாக நட்டார்கள். பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, 1973-க்குப் பிறகான நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் சொல்கிறது. போன இடத்தில் நிற்பது மரத் தோட்டமும் விவசாயமும். காடு அழிந்தால் ஊர் கூடிக் கேட்கிறோம். புல்வெளி அழிந்தது பச்சையாகவே தெரிந்ததால் பலருக்கு உறைக்கவில்லை. நீலகிரி நெட்டைக்காலிக்கு உறைத்திருக்கும். புல்லில் கூடு வைத்து, புல்லிலேயே திரியும் அந்தப் பழுப்புப் பறவைக்கு மரநிழலில் வேலை இல்லை. அதைப் பார்க்க வேண்டும் என்றால் இன்று எஞ்சியிருக்கும் உயரப் புல்வெளிகளைத்தான் தேடிப் போக வேண்டும்.

அதற்காகச் சீகையை எல்லாம் ஒரே நாளில் வெட்டிச் சாய்த்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. பழனி மலையில் சில பழைய சீகைத் தோட்டங்களுக்குள் நடந்து பார்த்தால், அந்த நிழலில் சோலை மரக்கன்றுகள் தானாக முளைத்து ஆள் உயரத்துக்கு நிற்கும். பறவைகள் எச்சத்தில் விதைத்தவை. அங்கே வெட்டுவது சோலையையும் சேர்த்து வெட்டுவது. திறந்த புல்வெளியில் புதிதாகப் பரவும் கன்றுகளைப் பிடுங்குவது வேறு விஷயம், அது அவசரம்.

மரத்துக்கு அடுத்து விளக்கு. இரவு எத்தனை மணிக்கு வெளி விளக்கை அணைப்பீர்கள், கேம்ப் ஃபயரும் பாட்டும் உண்டா என்று கேட்டுவிடுங்கள். உண்டு என்று மகிழ்ச்சியாகச் சொன்னால் அது உங்களுக்கான இடம் இல்லை.

காலம் என்று பார்த்தால் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது. வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும். ஊட்டிப் பக்கம் சனவரியில் உறைபனி விழும், புல் எல்லாம் உப்புத் தூவினாற்போல் வெளுத்திருக்கும். அந்தக் குளிரிலும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் போன்ற விருந்தாளிகள் வந்து தங்கியிருக்கும். கோடையில் கூட்டம் தாங்காது. 2024 மே மாதத்திலிருந்து இரண்டு ஊருக்கும் இ-பாஸ் கட்டாயம், அதையும் மறக்க வேண்டாம். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். கொடைக்கானல் பக்கத்துப் பேரிஜம் ஏரிக்குப் போகவும் அப்படித்தான். உண்மையில் சோலைக்குள் போகத் தேவையே இல்லை, ஓரச் சாலையில்தான் வெளிச்சமும் பறவையும். விடியுமுன் தனியாக நடக்காதீர்கள். கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டுமாடு சாலையிலேயே நிற்கும். பனிமூட்டத்தில் பத்தடி வரும் வரை தெரியாது. கரடியும் உண்டு. உள்ளூர் ஆள் ஒருவர் கூட வருவது இதற்காகவே அவசியம். பைனாகுலர் 8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்லென்ஸ் போதும். அரையிருட்டில் அதற்கு மேல் பெருக்கினால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும்.

கொடைக்கானலில் நான் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளிக்காக அலைந்தது வட்டக்கானல் பக்கம், பாம்பார் சோலை ஓரத்தில். இரண்டு காலை வீணானது என்று சொல்ல மாட்டேன். சீகாரப் பூங்குருவி மெட்டு மறந்து மறந்து சீட்டி அடிப்பதை மணிக்கணக்கில் கேட்டேன், சிரிப்பான்கள் தலைக்கு மேலேயே இருந்தன. ஆனால் சோலைக்கிளி குரல் மட்டும்தான், உருவம் இல்லை. இரண்டாம் நாள் மாலை, தங்கியிருந்த வீட்டு அம்மா டீ கொடுத்துக்கொண்டே கேட்டார்: "எதைத் தம்பி இப்படித் தேடுறீங்க?" சொன்னேன், கைப்பேசியில் படத்தையும் காட்டினேன்.

"இதா? இது நம்ம பின்பக்கத் தண்ணி வாய்க்காலுக்குத் தினம் வருமே. நான் பாத்திரம் கழுவ வந்தாக்கூடப் போகாது."

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்குச் சமையலறைப் பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். அந்த வீட்டுக்காரர்கள் பின்பக்கப் புதரை வெட்டவில்லை. சோலை இறங்கி வந்து வாய்க்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஏழு மணிக்குச் சற்று முன்னால் ஓர் இலை தானாகப் புரண்டது போலத் தெரிந்தது. அப்புறம் அந்த நீண்ட கால்கள். நின்றது, குனிந்தது, ஒரு புழுவை இழுத்தது. நெற்றியில் கண்ணுக்கு மேலே வெள்ளைக் கீற்று, வயிற்றில் வெள்ளை. என்னிடமிருந்து எட்டடி. பின்னால் அம்மா கதவைத் திறந்துகொண்டு பாத்திரத்தோடு வந்தார். அது ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த இலையைப் புரட்டியது.